ஆணியில் இல்லாத லைசென்ஸ்

தம்பி,

போன சனிக்கிழமை நீயும் அப்பாவும் சுவரில் இருந்த வெறும் ஆணியைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்று தெரியாது. நான் வேலையால் வந்தபோது குளிர்பெட்டி சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி நின்றது, சோபாவின் மெத்தைகள் தலைகீழாகக் கிடந்தன, பிள்ளையார் படம் கூட இடம் மாறியிருந்தது. பிள்ளையார் எடுக்கவில்லை, நான்தான் எடுத்தேன். அப்பாவின் லைசென்ஸ் கண்ணாடிச் சட்டத்தோடு என் கைப்பைக்குள் இருந்தது. நான் ஆஸ்பத்திரி விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்த எட்டு மணித்தியாலமும் அது என் சாப்பாட்டுப் பெட்டிக்குக் கீழே பத்திரமாக இருந்தது. தெரிந்துதான் எடுத்தேன், ஏன் என்பதைத்தான் எழுதுகிறேன்.

போனில் சொல்லலாமே என்று நீ நினைப்பாய். போனில் சொன்னால் நீ “ஓம் அம்மா, ஓம் அம்மா” என்று ஏழெட்டுத் தரம் சொல்லிவிட்டு உன் வேலையைப் பார்ப்பாய். அதோடு அப்பா படுக்கையறைப் போனை எடுத்து மூச்சுக் காட்டாமல் கேட்டுக்கொண்டிருப்பார், நடுவிலே உன் பக்கம் பேசத் தொடங்கிவிடுவார். கடிதத்துக்கு நடுவே அவரால் புக முடியாது. நீ மிசிசாகாவுக்குக் குடிபோய் ஒரு மாதம்தான் ஆகிறது. அதற்குள் சொந்தமாக ஒரு கொந்தராத்து பிடித்துவிட்டாய், ஒரு வீட்டின் பேஸ்மென்ட் முழுவதும் உன் பொறுப்பு என்று கேட்டபோது நான் சாமிக்கு விளக்கேற்றினேன். ஆனால் வீட்டுக்காரி லைசென்ஸ் நம்பர் கேட்கிறாள், அப்பாவின் நம்பரை எழுதிவிட்டு வருகிற திங்கட்கிழமை தொடங்கப் போகிறேன் என்று நீ சொன்னாயாம், அவரும் உனக்கில்லாததா என்று தலையாட்டினாராம். அதைக் கேட்ட இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

அந்தச் சட்டத்துக்குள் இருப்பது அப்பாவின் பெயர் மட்டும் என்று நீ நினைக்கிறாய். பிழை உன்னுடையது அல்ல. அது எப்படிச் சுவருக்கு வந்தது என்பதை நாங்கள் உனக்குச் சொன்னதே இல்லை. நீ அப்போது மெட்ராஸில் சித்தப்பா வீட்டில் விசாவுக்குக் காத்துக்கொண்டிருந்தாய். கடிதத்தில் எழுதினால் சித்தப்பா வீடு முழுக்க வாசித்துச் சிரிக்கும் என்று அப்பா தடை போட்டுவிட்டார். இப்போது சிரி, பரவாயில்லை.

ஊரில் அப்பா இருபது வருடம் கொந்தராத்து எடுத்தவர். ஒருவரும் அவரிடம் லைசென்ஸ் கேட்டதில்லை. “ஆற்றை மகன்?” என்று தகப்பன் பெயரைக் கேட்பார்கள், பதில் பிடித்திருந்தால் அத்திவாரம் வெட்டச் சொல்வார்கள். இங்கே வந்து வேறு ஒருவருக்குக் கீழே ஒன்றரை வருடம் சுவர்ப்பலகை அடித்தவர், ஒருநாள் சொந்தமாகச் செய்வதென்று முடிவெடுத்தார். அதற்குச் சோதனை எழுத வேண்டியிருந்தது. முதல் தடவை கோட்டை விட்டார். ஒரு கேள்வி இப்படி: வீட்டுக்காரர் உங்களை நம்புகிறார், எழுத்தில் ஒப்பந்தம் வேண்டாம் என்கிறார், என்ன செய்வீர்கள்? அப்பா, நன்றி சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குவேன் என்று எழுதிவிட்டு வந்தார். அந்த விடைக்கு முழுப் புள்ளி கிடைக்கும் என்று என்னிடம் வேறு சொன்னார்.

இரண்டாம் தடவை பாஸ். அதன்பிறகுதான் பொண்ட் வேண்டும் என்று கடிதம் வந்தது. அப்பா வாசித்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். இது தனக்குத் தெரிந்த விஷயம் என்றார். ஊரில் அரசாங்க உத்தியோகம் கிடைத்தால் இரண்டு பெரிய மனிதர்கள் பிணைக்கு வந்து நிற்பார்களே, அதுதான் இது. ஆட்கள் நல்ல ஆட்களாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் என்று அன்று பின்னேரமே தேடத் தொடங்கிவிட்டார். ஒருவர் ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர். மற்றவர் ஊரில் கோட்டுப் போட்டு வழக்குப் பேசிய பிறக்கிராசியார். இருவருக்கும் இங்கே சொந்த வீடு உண்டு, கலியாண வீடுகளில் முன்வரிசை உண்டு. இரண்டு பேரும் உடனே சம்மதித்தார்கள். ஒரு தமிழனுக்காக வெள்ளைக்காரனுக்கு முன்னால் நிற்பது தங்கள் கடமை என்று போஸ்ட்மாஸ்டர் சொன்னதை அப்பா எனக்கு மூன்று தரம் சொல்லிக் காட்டினார்.

போவதற்குக் கார் வேண்டுமே. குணம் அண்ணையிடம்தான் இருந்தது. மட்டக்களப்புக்காரர், விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறவர், அப்போது எங்களுக்குக் கொஞ்சப் பழக்கம்தான். மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் மட்டக்களப்பில் இருந்தார்கள். அவர்கள் வந்து இறங்கும்போது ஒரு வாசல் இருக்க வேண்டும் என்று இரட்டைச் சிப்ட் அடித்து மல்வேர்னில் ஒரு டவுன்ஹவுஸ் வாங்கிப் போட்டிருந்தார். அவரைப் பிணைக்குக் கேட்க அப்பாவுக்குத் தோன்றவே இல்லை. எனக்கும் தோன்றவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன். எங்கள் ஆட்கள் இருவர் இருக்க வேறு ஊராளை ஏன் கேட்பான் என்ற எண்ணம்தான். கார் மட்டும் கேட்டோம்.

நீ அந்தக் காட்சியைப் பார்த்திருக்க வேண்டும். இராகுகாலம் தொடங்க முதல் வெளிக்கிட்டோம், அதனால் லைசென்ஸ் கந்தோர் திறப்பதற்கு ஒரு மணித்தியாலம் முந்தியே வாசலில் நின்றோம். போஸ்ட்மாஸ்டர் தன்னுடைய சேவைச் சான்றிதழ்களை ஒரு கோப்பில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். பிறக்கிராசியார் கறுப்புக் கோட்டு. நான் கலியாணச் சேலை, அதற்குக் கீழே பனிச் சப்பாத்து, கையில் வடைப் பெட்டி. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த பெண் பிள்ளை எங்களைக் கண்டதும் ஏதோ ஊர்வலம் வழி தவறி வந்துவிட்டது என்று நினைத்திருப்பாள். பிறக்கிராசியார் நீதவானுக்கு வணக்கம் வைப்பதுபோல அவளுக்குக் குனிந்து ஒரு வணக்கம் வைத்து, இந்த மனிதரின் நடத்தைக்கு நாங்கள் இருவரும் உத்தரவாதம் என்று இங்கிலீஷில் கால் மணித்தியாலம் பேசினார். அவள் பொறுமையாகக் கேட்டாள். கடைசியில், ஆட்கள் தேவையில்லை, இன்சூரன்ஸ் கொம்பனி ஒன்று தருகிற பேப்பர்தான் வேண்டும் என்றாள். அப்பாவின் முகம் விழுந்துபோயிற்று. வடையை மட்டும் அவள் ஒன்று எடுத்துக்கொண்டாள்.

பிறகு ஒரு இன்சூரன்ஸ் புரோக்கரிடம் போனோம். அந்த மனிதர் சொன்னதை நீ நன்றாகக் கேள், உன் தலைக்குள் ஏற வேண்டியது இதுதான். இன்சூரன்ஸ் வேறு, பொண்ட் வேறு. உன் சுத்தியல் ஒருவரின் தலையில் விழுந்தால் இன்சூரன்ஸ் உன்னைக் காப்பாற்றும். பொண்ட் உன்னைக் காப்பாற்றாது, உன்னிடமிருந்து வீட்டுக்காரியைக் காப்பாற்றும். வேலையைக் குறையில் விட்டாலோ விதியை மீறிக் கெடுத்தாலோ அவள் முறையிடுவாள், கொம்பனி அவளுக்குக் கொடுக்கும். கொடுத்துவிட்டுச் சும்மா இருக்காது, அதே தொகையைக் கேட்டு நேரே உன்னிடம் வரும். உன்னிடம் இல்லாவிட்டால்? அங்கேதான் அவர் எங்களைப் பார்த்தார். உங்களுக்கு வீடு இல்லை, நாட்டுக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை, ஆகவே சொந்த வீடு உள்ள ஒருவர் உங்களுக்குப் பின்னால் கையெழுத்து வைக்க வேண்டும் என்றார். அப்பா கதிரையை விட்டு எழும்பியே விட்டார். “நான் முதலே சொன்னன்தானே, ஆள்தான் வேணும் எண்டு” என்று என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

அடுத்த கிழமை அதே ஊர்வலம், அதே கார், அதே வடை. புரோக்கர் பேப்பரை மேசையில் வைத்து, இவர் பிழை விட்டால் கொம்பனி உங்கள் வீட்டில் கை வைக்கும் என்று விளக்கினார். போஸ்ட்மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, இது வேறு கண்ணாடி, வாசிக்கிற கண்ணாடி வீட்டிலே என்றார். பிறக்கிராசியார் நாலாவது பந்தியை ஆழமாக ஆராய வேண்டும் என்று ஒரு பிரதி வாங்கி மடித்துக் கோட்டுக்குள் வைத்தார். இன்றுவரை ஆராய்ந்துகொண்டிருக்கிறார். இரண்டு பேரும் எழுந்து மேலங்கியைப் போட்டுக்கொண்டிருக்க, அப்பா பேனையைப் பிடித்தபடி அப்படியே இருந்தார். அவமானம் என்றால் என்ன என்று நான் அந்த அறையில்தான் பார்த்தேன். ஊரை விட்டு ஓடி வந்தபோதுகூட அவர் அப்படி இருக்கவில்லை.

கதவடியில், கோட்டுகள் தொங்குகிற கம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வடை சாப்பிட்டுக்கொண்டிருந்த குணம் அண்ணை, என்ன பிரச்சினை என்று கேட்டார். நான் சொன்னேன். அவர் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு வந்தார்.

“பேப்பரத் தாங்க, நான் வைக்கிறன்.”

வேண்டாம், யோசித்துச் செய்யுங்கோ, பிள்ளைகளுக்காக வாங்கின வீடு என்று நான்தான் சொன்னேன்.

“என்ட வீட்டுப் படிய இவர்தானே கட்டித் தந்தவர். ஒரு நாளைக்கு இருபது தரம் ஏறி இறங்குறன், ஆடல்லயே. மறுகா என்ன?”

அவ்வளவுதான். புரோக்கர் அவருக்குக் கீழே எனக்கும் ஒரு வரி காட்டினார், மனைவியும் வைக்க வேண்டுமாம். நான் வாசிக்காமல் வைத்தேன். ஆகவே சட்டத்துக்குள் அப்பாவின் பெயர் இருந்தாலும் அது தொங்குவது குணம் அண்ணையின் வீட்டில்.

இனி எழுதப்போவது அப்பாவுக்கு இன்றுவரை தெரியாது. நீ சொன்னாலும் நான் மறுப்பேன்.

லைசென்ஸ் கிடைத்த வருடம் அப்பாவுக்கு வேலை தலைக்கு மேலே. வெக்ஸ்போர்ட்டில் ஒரு கிரேக்கக் கிழவி, விதவை, குளியலறைக்கு டைல் பதிக்கக் கேட்டாள். அடுத்த வேலைக்கு ஓடும் அவசரத்தில் டைலுக்கு அடியில் தண்ணீர் இறங்காமல் போட வேண்டிய பூச்சை அரைகுறையாகப் போட்டுவிட்டு வந்திருக்கிறார். நாலு மாதத்தில் தண்ணீர் இறங்கிக் கீழே சமையலறைக் கூரை ஊறிவிட்டது. அவள் போன் பண்ணியிருக்கிறாள். போனை எடுத்தவள் நான். அவள் இங்கிலீஷும் என் இங்கிலீஷும் சந்திக்கவே இல்லை, ஏதோ பிழையான நம்பர் என்று மூன்று தரம் வைத்துவிட்டேன். பிறகு பதிவுத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. எனக்கு அதில் விளங்கியது இரண்டு சொல், அப்பாவின் பெயரும் பொண்டும். அப்பாவுக்கு அந்த மாதம் பிரஷர் ஏறியிருந்தது. நான் கடிதத்தை அரிசிப் பைக்குள் தள்ளிவிட்டேன். இரண்டு கிழமை, ஒவ்வொரு நாளும் அரிசி அளக்கும்போது சுண்டுப் பேணி அதில் முட்டும். அதைச் சுற்றி அள்ளிக் கஞ்சியும் சோறும் ஆக்கினேன். கடிதத்துக்குப் பதில் போடாவிட்டால் எழுதினவர் களைத்துப் போவார் என்று நினைத்த மடைச்சி நான்.

அந்த நேரம் பார்த்துக் குணம் அண்ணை கற்கண்டோடு வந்து நிற்கிறார். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் விசா வந்துவிட்டது. பெண் பிள்ளைகளின் அறைக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று என்னிடம் கேட்கிறார். நான் கற்கண்டை அப்படியே மேசையில் வைத்தேன். அப்பா வேலைக்குப் போயிருந்தார். நான் எழும்பிப் போய், அரிசிப் பைக்குள் முழங்கை வரை கை விட்டுக் கடிதத்தை எடுத்து அவருக்கு முன்னால் வைத்தேன். அழுதுகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். உங்கட வீடு போகப் போகுது அண்ணை, நான்தான் காரணம் என்றேன். அவர் கடிதத்தில் ஒட்டியிருந்த தவிட்டை ஊதிவிட்டு, ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தார்.

“பதில் போட இன்னும் ஒம்பது நாள் கிடக்கு தங்கச்சி. அழுறத்துக்கு அதில ஒரு நாளும் தரேலா. வாங்க, அந்தக் கிழவியப் பாத்திட்டு வருவம்.”

போனோம். கிழவி கதவைத் திறந்து எங்களைச் சமையலறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கூரையைக் காட்டினாள். நான் பார்த்தேன். “மை ஹஸ்பண்ட், மிஸ்டேக். டுமோறோ கம், ஓல் நியூ” என்றேன். அவள் என்னை நம்பவில்லை, முகத்தில் தெரிந்தது. குணம் அண்ணையைக் கையால் காட்டி, இவர் யார் என்று கேட்டாள். என்ன சொல்வது? என்னிடம் இருந்த இங்கிலீஷ் முழுவதையும் கூட்டித் தேடியும் இரண்டு சொல்தான் கிடைத்தது. “ஹிஸ் ஹவுஸ்” என்றேன். அவள் அவரைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், திரும்ப அவரைப் பார்த்தாள். விளங்கிவிட்டது. பொண்ட் என்றால் என்ன என்று புரோக்கர் ஒரு மணித்தியாலம் விளக்கியதை அந்தக் கிழவி இரண்டு சொல்லில் பிடித்தாள். மூன்று கோப்பை கொண்டுவந்து கறுப்புக் கோப்பி ஊற்றினாள்.

கிழவி போன் பண்ணினாள் என்று மட்டும் அப்பாவுக்குச் சொன்னேன். அது பொய்யும் இல்லை. அவர் போய்ப் பதித்த டைல் முழுவதையும் பிடுங்கி எறிந்துவிட்டு முதலிலிருந்து செய்தார். நாலு நாள். கிழவி கதவடியில் கதிரை போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு டைலையும் எண்ணினாள். மத்தியானம் ஒரு கிண்ணத்தில் கறுப்பாக ஏதோ கொடுக்க, அப்பா நாவற்பழம் என்று நினைத்து வாய் நிறையப் போட்டு, உப்பில் ஊறிய அந்த ஒலிவ் காயைத் துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் கண்ணால் தண்ணீர் விட்டாராம். வேலை முடிந்த அன்று அவள் முறைப்பாட்டை வாபஸ் எடுத்தாள். அப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம், ஒரு வாடிக்கையாளருக்குத் தான் பெருந்தன்மையாக இரண்டாம் தரம் செய்து கொடுத்தார் என்பதுதான். அப்படியே இருக்கட்டும்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கிழமை ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் வேலைத்தலக் காசுப் போனிலிருந்து மிசிசாகாக் கந்தோருக்கு நானே எடுத்தேன். மூன்று தரம் “ஸ்லோலி பிளீஸ்” சொன்னேன். அவர்கள் சொன்னது இது: அப்பாவின் லைசென்ஸ் இந்தப் பக்கத்து எல்லைக்குள் மட்டும்தான். அங்கே வேறு நகரம், வேறு லைசென்ஸ், வேறு பொண்ட். ஆகவே நீ அந்த வீட்டுக்காரியிடம் எழுதிக் கொடுக்க நினைத்த நம்பர் அவள் ஊரில் செல்லாது. அவள் கூரை ஊறினால் முறையிடப் போகிற இடத்தில் அவளுக்குப் பின்னால் ஒருவரும் நிற்க மாட்டார்கள். அதைத் தெரிந்துகொண்டு கொடுத்தால் அதற்கு ஏமாற்று என்று பெயர், என் பிள்ளை செய்தாலும் அதுதான் பெயர். தெரிய வந்தால் இங்கே அப்பாவின் லைசென்ஸையும் பறிப்பார்கள், குணம் அண்ணையின் கையெழுத்து ஒரு பொய்க்குக் கீழே நிற்கும். மல்வேர்னில் அந்த அறைக்கு இப்போது நீல நிறம் அடித்திருக்கிறார்கள். இரண்டு பெண் பிள்ளைகளும் அங்கேதான் படுக்கிறார்கள்.

வீட்டுக்காரியிடம் போய், லைசென்ஸ் வரும் வரை பொறுக்க முடியுமா என்று கேள். பொறுக்க மாட்டேன் என்றால் அந்த வேலை போகட்டும். முதல் வேலை போனால் வயிறு எரியும், எனக்குத் தெரியும், இதை எழுதும்போது எனக்கும் எரிகிறது.

இந்த உறைக்குள் மிசிசாகா விண்ணப்பம் இருக்கிறது, எங்கள் புரோக்கரிடம் வாங்கிய பொண்ட் பேப்பரும் இருக்கிறது. உனக்கும் வீடு இல்லை, உனக்குப் பின்னாலும் இரண்டு பேர் வேண்டுமாம். முதல் வரியில் நான் வைத்துவிட்டேன். இந்த முறை வாசித்துத்தான் வைத்தேன், அகராதியோடு இரண்டு பின்னேரம் எடுத்தது. போன வருடம் நாங்கள் வாங்கிய இந்தச் சின்ன வீடு இனி உன் சுத்தியலுக்குப் பின்னால் நிற்கிறது. இரண்டாம் வரி வெறுமையாக இருக்கிறது. குணம் அண்ணைக்கு விஷயம் எட்டிவிட்டது, அப்பா வாய் சும்மா இருக்குமா. நேற்று போன் எடுத்தார். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“தம்பிட வேல எப்படி?”

நீ பதித்த ஒரு டைலைக்கூட நான் பார்த்ததில்லை, தம்பி. உன் முகத்தைப் பார்த்துத்தான் நான் கையெழுத்து வைத்தேன். தாய்மார் அப்படித்தான் வைப்பார்கள், அதனால்தான் அந்தக் கொம்பனிக்காரர் என் வரிக்குக் கீழே இன்னொரு வரி வைத்திருக்கிறார்கள் போல. மல்வேர்ன் வீட்டுப் பேஸ்மென்ட் படிக்குக் கைப்பிடி இல்லை, சின்னவள் இரண்டு தரம் விழுந்துவிட்டாளாம். ஞாயிற்றுக்கிழமை உன் தச்சு ஆயுதப் பெட்டியோடு போ. பேப்பரை உன் வான் வண்டிக்குள்ளேயே விட்டுவிட்டுப் போ. கைப்பிடியைப் போட்டு முடித்து, அவர் அதைப் பிடித்து ஏறி இறங்கிப் பார்த்த பிறகு, கேட்க முடிந்தால் கேள்.

லைசென்ஸ் திங்கட்கிழமை ஆணிக்குத் திரும்பும். அப்பாவிடம் பிள்ளையாரை நேராக மாட்டச் சொல்லியிருக்கிறேன்.

உனக்காக முதல் வரியில் கையெழுத்து வைத்தவள்,
அம்மா